ஓடையின் நடுவே நான் போட்ட கோடு

ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் ஸ்டெல்லா போன் செய்தார். ஓடைக்கரையில் குடியிருப்பவர், நான் அளக்கப் போனபோது கட்டன்சாயா போட்டுத் தந்தவர்.

"சாரே, ஓட வெள்ளம் வீட்டுக்குள்ள வந்திட்டு. கட்டிலுக்க அடியில கெடக்கு. ஒண்ணு வந்து பாக்கணும்."

கட்டிலில் கிடப்பவர் பக்கவாதம் வந்த அவர் கணவர். அந்த ஓடையில் எல்லைக்கோடு போட்டவன் நான்தான்.

நாகர்கோவில் மாநகராட்சியில் நான் சர்வேயராக இருந்த கடைசி வருடங்கள் அவை. மாவிளைக்கும் பனவிளைக்கும் (ஊர்ப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்) இடையே ஓடும் ஓடை எந்த வார்டைச் சேர்ந்தது என்று தகராறு. எல்லைத் தகராறு என்றால் 'எனக்குள்ளது' என்றுதான் சண்டை போடுவார்கள். இங்கே இரண்டு வார்டும் 'எனக்குள்ளதில்லை' என்று சண்டை போட்டன. ஓடை யார் பக்கமோ, அவர்கள்தான் மண் வார வேண்டும்.

சர்வே படத்தில் அந்த இடம் தெளிவாக இல்லை. ரிக்கார்டு ரூமில் திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஓடை முழுவதும் மாவிளைக்கே என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது. மாவிளை கவுன்சிலரிடம் சொன்னேன். மனிதர் குதித்தார்.

"ராஜா காலத்துக் கடுதாச எடுத்துட்டு வந்து எனக்க தலையில கட்டுதீரா? ஆளக் கூட்டி ஆபீஸ் நடையில இருந்திருவேன், கேட்டீரா!"

எனக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருடம்தான் இருந்தது. பயந்துவிட்டேன். ஓடையின் நட்டநடுவே கோடு போட்டு ஸ்கெட்ச் கொடுத்தேன். பதிவேட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இரண்டு கவுன்சிலர்களும் கைகுலுக்கினார்கள், அதிகாரி கையெழுத்துப் போட்டார். பாம்பும் சாகவில்லை, கம்பும் முறியவில்லை என்று எனக்குள் பெருமை வேறு.

மழையோடு பைக்கில் போய் ஓடையைப் பார்த்தேன். நீளவாக்கில் சரிபாதி வாரியிருந்தார்கள். பனவிளைப் பக்கம் சுத்தம். மாவிளைப் பக்கத்துப் பாதியில் சேம்பு முளைத்த சேறு அப்படியே கிடந்து, மழையில் கரைந்து வாரிய பாதிக்குள் சரிந்துகொண்டிருந்தது. அது ஸ்டெல்லா வீட்டு முன்னால் போய் அடைத்திருந்தது.

பனவிளை மேஸ்திரி குடைக்குள் நின்றார். "என்னவே இது?" என்று கத்தினேன்.

"படத்துல நடுவுலதானே சாரே கோடு கெடக்கு? கயிறு கட்டித்தான் வாரினோம். கயித்துக்கு அங்க மம்பட்டி போனா அவங்க வேலய நாங்க செய்யணுமா?"

அவரை என்ன சொல்ல? என் ஸ்கெட்சை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்.

வீட்டுக்குள் ஸ்டெல்லா வாளியால் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருந்தார். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்திருந்தார்கள். போர்வை நனைந்திருந்தது. அவர் கணவர் என்னைப் பார்த்தார்; பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சும் போயிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேரே ஆபீசுக்குப் போனேன். பதிவேட்டின் நகலை வைத்து, முன்பே பார்த்தும் மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். "அப்பவே ஏன் எழுதல?" என்றார் அதிகாரி. "பயந்துட்டேன் சார்" என்றேன். எனக்கு மெமோ வந்தது. மாவிளை கவுன்சிலர் சொன்னபடியே பத்துப் பேரோடு ஆபீஸ் நடையில் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் மழை வலுத்ததும் எழுந்து போனார். அவ்வளவுதான் அவர் போராட்டம். அதற்கா நான் அப்படி நடுங்கினேன்! ஆனால் ஃபைல் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் இன்னொரு பெருமழை பெய்து, ஸ்டெல்லா வீட்டில் மறுபடியும் தண்ணீர் ஏறிவிட்டது.

ஓடை முழுவதும் மாவிளைக்கே என்று உத்தரவு வந்த மறுநாள் மாவிளை ஆட்கள் ஜேசிபியோடு வந்தார்கள். பத்து மணிக்குள் ஓடை முழுவதும் வாரியாகிவிட்டது.

ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்தார். "இவ்வளவுதானா சாரே வேல?"

"ஆமா."

"அப்போ ரெண்டு மழைக்கும் இவர நனையவிட்டது என்னத்துக்கு?"



புதிதாக வரும் சர்வேயர்களுக்கு ஒன்று சொல்வேன். பதிவேட்டில் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். எழுதினால் யாராவது வந்து உங்களைத் திட்டுவார்கள், போய்விடுவார்கள். எழுதாமல் விட்டால், உங்களைத் திட்டக்கூட வாய் வராத ஒருவரின் கட்டிலுக்கடியில் தண்ணீர் போய் நிற்கும்.