ஆமைக்கு எண்ணெய் முழுக்கு

மூன்று பக்கம். ஓர் ஆமைக்குஞ்சை எப்படி வளர்ப்பது என்று மூன்று பக்கம் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத்தான் என் மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போனாள். அவளை வளர்க்க எனக்கு யாரும் அரைப் பக்கம்கூட எழுதித் தரவில்லை என்று விமான நிலையத்தில் வைத்தே சொல்லிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“டிசம்பர்ல வந்து பாப்பன் அப்பா. ஓடு வழுவழுப்பா இருக்கோணும்” என்றாள். சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டினேன்.

அது எங்கள் நாட்டு நட்சத்திர ஆமை இல்லை. அதை வீட்டில் வைத்திருந்தால் சட்டம் வந்து கதவைத் தட்டும். இது ஆபிரிக்க வம்சம், கடைக்காரர் பத்திரத்தோடு விற்றது. வாங்கும்போது தேத்தண்ணீர்க் கோப்பையின் தட்டில் அடங்கியது. வளர்ந்து முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்பதைச் சல்லியை வாங்கிப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் அவர் சொன்னார். எங்களுடையது வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும்.

மகளின் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். தினமும் காலையில் இளஞ்சூட்டு நீரில் இருபது நிமிடம் இருத்த வேண்டும். ஏசி அறையில் வைக்கவே கூடாது, காற்று காய்ந்தால் ஓடு மேடு மேடாக எழும்பும். பல்கனியில் நேர் வெயில் பட வேண்டும், கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை. தின்னப் புல், செவ்வரத்தம் இலை, பூ. கடிக்கக் கணவாய் மீனின் ஓடு. பாண், பிஸ்கட், முட்டை எதுவும் ஆகாது. ‘ஆகாது’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு வேறு.

“இவளை வளத்தது ஆர்? நாங்கள்தானே?” என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. என் வளர்ப்பு முறை மிக எளிது. பிள்ளை கணக்கில் தொண்ணூற்றிரண்டு எடுத்துக்கொண்டு வந்தால் மிச்ச எட்டும் எங்கே என்று கேட்பது. அப்படிக் கேட்டே அவளை ஆளாக்கினேன். ஆமையா பெரிய காரியம்?

முதல் கிழமை கடிதப்படி நடந்தோம். இரண்டாம் கிழமை ஆமை ஒரு தும்மல் தும்மியது, அல்லது தும்மியதாக என் மனைவி சொன்னாள். “நாளாந்தம் தண்ணிக்குள்ள வைச்சா தடிமன் பிடிக்காதே? சின்னக் குஞ்செல்லோ” என்று தண்ணீர்ப் பேசினைக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் எண்ணெய் முழுக்கு. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து ஓடு முழுக்கப் பூசுவாள். ஆமை பளபளவென்று மின்னும். கடற்காற்றின் உப்பு படக்கூடாது என்று பல்கனிக் கதவை மூடினோம். கண்ணாடி வழியாகத்தான் வெயில் வருகிறதே! சித்திரை வெக்கையில், என் பெண்டாட்டி கேட்டும் போடாத ஏசியை ஆமைக்காகப் போட்டேன். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குக் கிடைக்காத குளிர் அதற்குக் கிடைத்தது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். என் மனைவி பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். மீட்டர் பார்க்க வருகிற ஆளைக்கூட வாயில் எதையாவது திணிக்காமல் அனுப்பாத குடும்பம் அது. தன் வீட்டில் ஒரு சீவன் புல் தின்கிறது என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை. பால் தேத்தண்ணீரில் தோய்த்த பாண் வந்தது, பிறகு பிஸ்கட், பிறகு அவித்த முட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியப்பத்தைச் சொதியில் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். தடுத்தேனா? சொதி கொஞ்சம் உறைப்பாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

ஆமை வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தி. ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பாக எழும்பி நின்றது. எண்ணெய் பூசிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கலியாணக் கேள்வி தாங்காமல் மகள் அந்தக் குழுவை விட்டு எப்போதோ ஓடியிருந்தாள். மற்ற எல்லோரும் இருந்தார்கள். ‘கோபுரம் மாதிரி இருக்கு’ என்று ஒருவர், ‘நல்ல கைராசி’ என்று இன்னொருவர், கைகூப்பிய பொம்மைகள் ஏழெட்டு. மகளுடன் வீடியோவில் கதைக்கும்போது ஆமையின் முகத்தை மட்டும் காட்டினோம். வந்து முழுதாகப் பார்த்து அசந்துபோகட்டுமாம்.

உண்மையைச் சொன்னவர் ஒரே ஒருவர், மேல்மாடி அக்கா. ஆமை வந்த வீடு விளங்காது என்று நம்புகிறவர். நாங்கள் விளங்காமல் போய்விட்டோமா என்று கிழமைக்கு ஒருக்கால் வந்து பார்த்துப் போவார். “இதென்ன தம்பி, முதுகு பிலாப்பழம் மாதிரி?” என்றார். அவர் போனதும், பொறாமை என்று கதவைச் சாத்தினோம்.

ஆவணியில் ஆமை சாப்பாட்டைத் தள்ளியது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. துவாயில் சுற்றி முச்சக்கரவண்டியில் கொள்ளுப்பிட்டிக்கு, ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். மேசையில் வைக்கும்போதுகூட எனக்குப் பெருமைதான். அவர் ஓட்டின் விளிம்பை விரலால் அமுக்கினார். அது பிஸ்கட் பெட்டி மட்டையைப் போல அமிழ்ந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பாணில் தொடங்கிச் சொதிக்கு வரும்போது பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“சேர், இது வளத்தி இல்ல, வருத்தம், நோய். இந்த மேடெல்லாம் அழகு எண்டு யார் சொன்ன?”

“எல்லாரும் சொன்னவை” என்றாள் என் மனைவி, சின்னக் குரலில்.

இப்படியே போனால் டிசம்பரைக் காணாது என்றார். பிறகு மருந்தோடு ஒரு தாள் எழுதித் தந்தார். தினமும் தண்ணீர், நேர் வெயில், புல், கணவாய் ஓடு, ஏசி ஆகாது. பிரிட்ஜ் கதவில் எட்டு மாதமாகச் சும்மா தொங்கியதை வரிசையில் குந்தியிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். எழும்பின மேடு வற்றுமா என்று கேட்டேன். “எழும்பினது எழும்பினதுதான். இனி வாற வளத்திய நேராக்கலாம், ஒழுங்காச் செஞ்சா” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் கடிதத்தைக் கண்ணாடி போட்டு முதல்முறையாகக் கடைசி வரைக்கும் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், ‘அம்மா, பாவம் பாத்து முட்டை குடுக்காதேங்கோ’ என்று இருந்தது. என் மனைவி அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

முகத்துவாரத்து மீன் சந்தைக்குப் போய்க் கணவாய் ஓடு கேட்டேன். மீன்காரர் கைநிறைய அள்ளித் தந்துவிட்டு, “கூட்டித் தள்ளுறத வாங்கவா அங்கிள் வெள்ளவத்தையில இருந்து வந்தீங்க?” என்று சிரித்தார். செவ்வரத்தம் இலை மேல்மாடி அக்காவின் சாடியிலிருந்து, அவருடைய புத்திமதியோடு சேர்ந்து வந்தது. தடிமனுக்குப் பயந்த என் மனைவி தினமும் காலையில் குளியலறை முக்காலியில் குந்தி, இருபது நிமிடமும் பேசினைப் பார்த்தபடி இருந்தாள். கார்த்திகையில் விளிம்பு இறுகியது. கூம்புகளின் அடியில் வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. நகத்தின் அகலம்தான் இருக்கும். ஆனால் வழுவழுப்பு.

டிசம்பரில் வந்த மகள் பெட்டியை வாசலில் விட்டுவிட்டு நேரே பல்கனிக்குப் போனாள். ஆமையைத் தூக்கி ஒவ்வொரு மேடாக விரலால் தடவினாள். நாங்கள் இருவரும் கதவடியில் நின்றோம். பள்ளிக்கூட ரிப்போர்ட் கொண்டுவந்த நாட்களில் அவள் நின்ற இடம் அது. நான் கதிரையில் இருப்பேன்.

விரல் அந்தக் கோட்டில் நின்றது.

“இதில இருந்து சொல்லுக் கேட்டிருக்கிறியள்” என்றாள். “இது நல்லா இருக்கு அப்பா.”

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் பழகிவிட்டது. “மிச்சம்?” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த எட்டு ஞாபகம் வந்தது எனக்குத் தெரிந்தது.

“மிச்சம் போகாது அப்பா. அதோடதான் இனி இது இருக்கோணும்.”

மன்னித்துக்கொள் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். “முட்டை அவிக்கட்டோ?” என்றுதான் வந்தது.

“அவியுங்கோ” என்றாள். “எனக்கு மட்டும்.”