கைப்பிடி அரிசிப் பானை

இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆளே இல்லை நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் சமைக்கிறேன். இத்தனை பேருக்கு இவ்வளவு அரிசி, அதுதான் எனக்குத் தெரிந்த வேதாந்தம். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைப்பதற்கு முன்னால் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். அதை எடுத்துச் சொந்த வீட்டுக்குப் பொங்கினால் பாவம் என்பார்கள். என் மகள் ஷீலா பிறந்தபோது வீட்டுக்காரர் கால் உடைந்து படுத்திருந்தார். எனக்குச் சரியாகச் சோறில்லை, பால் சுரக்கவில்லை, பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். அப்போதும் இருந்த கொஞ்சத்தில் கைப்பிடி போட்டேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு மணி அரிசி வரவில்லை. ஜெபம் பண்ணச் சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இப்போது அந்த மழைக்கு வருகிறேன். மாகறல் பக்கம் ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கிவிட்டது, பஸ் இல்லை, கடை இல்லை. ஷீலா பிள்ளை பெற்று எங்களோடு இருந்தாள், பச்சை உடம்பு. டின்னில் அவள் ஒருத்திக்குத்தான் ஒரு வேளைக்கு அரிசி இருந்தது. மதியம் வாசலில் சத்தம் கேட்டுப் பார்த்தால், என் வீட்டுக்காரர் சாமுவேல் கீழ்த்தெரு நெசவுக்காரக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு நிற்கிறார். அவர்கள் தறிக்குழியெல்லாம் தண்ணீர், சுவர் இடிந்துவிட்டது, பிள்ளைகள் நடுங்குகின்றன. பாவம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஜனங்கள் அவர்கள்.

அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாத்துக்குய்யா இத்தினி பேர இட்டுக்கினு வந்த? புள்ள பெத்தவளுக்கே சோறு இல்ல."

"கர்த்தர் குடுப்பாரும்மா. நீ ஒலைய வையி."

"ஒங்க கர்த்தரு இவ பொறந்தப்ப எங்க போயிருந்தாரு?"

அவர் பிள்ளைகளுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஷீலாவுக்கு உள்ளதைத் தனியாக ஒளித்து வைத்தேன். கைப்பிடிப் பானையைப் பரண்மேலிருந்து இறக்கினேன். பாவமென்றால் பாவம். உள்ளே கால் பானைகூட இருக்காது, அதை அள்ளித் தீர்த்துவிட்டு, காலிப் பானையை அத்தனை பேர் முன்னாலும் அவர் காலடியில் கவிழ்த்துக் காட்ட வேண்டும், இதுதான் உன் கர்த்தர் கொடுத்தது என்று. அதற்காகவே அள்ளினேன், யாருக்கும் சோறு போடுவதற்காக இல்லை.

அள்ளினேன், அள்ளினேன், அடி தட்டவில்லை. நம்பினால் நம்புங்கள், நான் அடியைத் தேடித்தான் கையை விடுகிறேன், விரலில் அரிசிதான் படுகிறது. பெரிய குண்டான் நிறைந்துவிட்டது. நான் போட்டு வைத்ததெல்லாம் ரேஷன் புழுங்கல். கையில் வந்ததோ பச்சரிசி, நொய், சீரகச் சம்பா, சிவப்பரிசி எல்லாம் கலந்து கிடந்தது. அதைவிட ஒன்று, அந்த மழைக்குளிரில் அரிசி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ கைக்குள் மூடி வைத்திருந்து அப்போதுதான் விட்ட மாதிரி.

இத்தனை அரிசியும் சேர்ந்து ஒரு பதத்தில் வேகவே வேகாது, எந்தச் சமையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள். வெந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத கீழ்த்தெரு ராஜேஸ்வரி தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றாள். ஷீலாவும் வயிறாரச் சாப்பிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. முடிகிற காரியமென்றால், ஷீலா பிறந்த அன்றைக்கு ஏன் செய்யவில்லை?

பானையை எடுத்து முறத்தில் கவிழ்த்தேன். ஒரே ஒரு கைப்பிடி விழுந்தது. அதுவும் சூடாக.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், அதிசயமென்று சபையில் சாட்சி சொல்லக் கிளம்பினார். வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டேன். அதன் பிறகும் கைப்பிடி போடுகிறேன், ஆனால் சபைக்குக் கொடுப்பதில்லை, யாரும் அதைத் தொடுவதும் இல்லை. நியாயமாகப் பானை எப்போதோ நிரம்பி வழிந்திருக்க வேண்டும். கால் பானைக்கு மேல் ஏறவே இல்லை. எலி என்றார் வீட்டுக்காரர். மூடிமேல் அம்மிக்கல்லை வைத்தேன். அப்படியும் ஏறவில்லை.

நான் போடுவது எங்கே போகிறது? அன்றைக்கு நான் அள்ளியது யார் யார் போட்டது? கோபம் வரும்போதெல்லாம், இன்றைக்குப் போடாமல் விட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றும். கை கேட்காது. அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒருத்தி, மடியில் பச்சைப் பிள்ளையோடு, அடியைத் தேடிக் கையை விட்டிருந்தால்?