ஈ மொய்க்காத கருவாடு

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து என் மருமகள் மறுபடி உண்டானாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை.

அவளுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. இட்லி, பால், ரசஞ்சோறு எது கொடுத்தாலும் வெளியே வந்துவிடும். கருவாடு மட்டும் வேண்டும் என்றாள். மார்க்கெட்டில் வாங்கியதை வறுத்தால் அந்த வாடைக்கே எழுந்து ஓடினாள். "வீட்டுல போட்டதுன்னா திம்பேன் அத்தே" என்றாள்.

தாராவியில் எங்கள் சந்தில் கருவாடு போடுவது லேசில்லை. முன்பு தகரக் கூரைமேல் பழைய சேலையை விரித்துக் காயவைப்போம். இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் பில்டிங் எழுப்புகிறார்கள். சிமெண்டுத் தூசி வந்து படிகிறது. புறா வேறு. மருமகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு பொம்பளை தோட்டத்து நடுவில் நின்றுகொண்டு, பழைய பலகையை அறுத்து, கால் வைத்த தட்டு அடித்து, மேலே கொசுவலை கட்டி மீன் காயவைக்கிறாள். "நாமளும் செய்வோமா அத்தே" என்றாள். அவள் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அப்படியென்றால் செய்ய வேண்டியது நான்தான்.

எனக்கு ஆணி அடித்துப் பழக்கமில்லை. காலண்டர் மாட்ட வேண்டுமென்றாலும் மகன் வரும்வரை காத்திருப்பேன். சந்து முனையில் பலகையில் பேக்கிங் பெட்டி அடிக்கிற கார்கானா ஒன்று இருக்கிறது. வாசலில் போய் நின்றேன். கேட்க வெட்கமாக இருந்தது. உள்ளே இருந்த பாய் அவராகவே, "என்ன வேணும் மௌசி" என்று சித்தி முறை வைத்து இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பழைய ரம்பத்தைக் கொடுத்து, துண்டுப் பலகை ஒன்றில் அறுத்துக் காட்டினார். "அமுக்காதீங்க மௌசி, ரம்பம் தானா போகும்" என்றார். மறுநாள் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதாகவும், பின்னால் கிடக்கிற பலகையில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பின்னால் இரண்டு குவியல் கிடந்தது. ஒன்று வெள்ளைப் பலகை, ஆணி வைத்ததும் பிளந்தது. சுவர் ஓரமாகக் கிடந்தது கறுத்துப்போய், எண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கதவு நிலைக்கு எண்ணெய் தடவித்தான் வைப்பார்கள், பூச்சி அரிக்காது. அதனால் கறுப்புப் பலகையாகப் பார்த்துப் பொறுக்கினேன். அறுக்கும்போது மூட்டைப்பூச்சி மருந்து மாதிரி ஒரு நெடி வந்தது. எங்கள் சந்தில் எதற்குத்தான் நெடி இல்லை? ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருக்குகிறார்கள். அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

முதல் தட்டு கோணலாக வந்தது. ஒரு கால் குட்டை, அதற்கு அட்டை மடித்து வைத்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஆனாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தபோது, என் கையால் ஒரு சாமான் வந்திருக்கிறதே என்று இருந்தது. நெத்திலியைத் தலை கிள்ளி, அலசி, உப்பில் ஊறவைத்து, ஈரத்தோடு தட்டில் பரப்பினேன்.

ஈ வரவில்லை.

எதிர்வீட்டுக்காரி அவள் கூரையில் துணி காயப்போட வந்தாள். "என்ன ஆச்சி, ஆசாரி வேலையும் கத்துக்கிட்டியளா? ஈகிட்ட வேற சொல்லி வச்சிருக்கியபோல, ஒண்ணையும் காணோம்" என்றாள். நானும் சிரித்தேன். கொசுவலை வாங்குகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். சந்துப் பூனை கூரைக்கு வந்தது, முகர்ந்து பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. எங்கேயோ வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

மருமகள் தின்றாள். பல நாளைக்கு அப்புறம் சோறு உள்ளே நின்றது. மகன் தாதர் மார்க்கெட்டிலிருந்து இன்னும் மீன் வாங்கி வந்தான். நான் இரண்டாவது தட்டு அடித்தேன். அது ஆடவில்லை. அதில் மோர் மிளகாயும் போட்டேன்.

ஒரு நாள் காலையில் தட்டின் காலடியைப் பெருக்கினேன். எறும்பு செத்துக் கிடந்தது, ஒன்று இரண்டல்ல, தவிடு மாதிரி. எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. மருமகளிடம் சொன்னேன். "வெயில்ல செத்திருக்கும் அத்தே, தகரம் என்ன கொதி கொதிக்குது" என்றாள். இருக்கலாம் என்று பட்டது.

பிறகு அவளுக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. தலையணை நனைகிற அளவுக்கு. மசக்கையில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வேர்த்தது. மும்பையில் இந்த மாதத்தில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? அவளுக்கு இடது கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது. நான்தான் அதை அவளிடம் சொன்னேன், சந்தோஷமாகச் சொன்னேன். அந்த வாரமே எனக்கும் துடித்தது. இரண்டு பேருக்கும் நல்லது வரப்போகிறது என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் ஊரிலிருந்து வந்ததும் என் தட்டைப் பார்க்கவேண்டும் என்று கூரைக்கு ஏறி வந்தார். முதலில் மூலையைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே மௌசி" என்றார். அப்புறம் குனிந்து பலகையை முகர்ந்தார். அதற்கப்புறம் அவர் முகம் சரியில்லை.

"இது எந்தக் குவியல்?"

"சுவர்ப் பக்கம் கிடந்தது."

"இந்தப் பலகையிலயா தின்கிற சாமானைக் காயவைக்கிறீங்க?"

பருத்திக்கு அடிக்கிற விஷ மருந்து டிரம்முக்கு அடியில் கிடந்த பலகையாம். டிரம் ஒழுகி ஊறிப்போனது. அவர்கள் அதை அடுப்பில்கூட வைப்பதில்லையாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்து நெத்திலி வறுபடுகிற வாசனை மேலே வந்தது.

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கேஸை அணைத்து வாணலியைத் தூக்கினேன். கை சுட்டது. "இன்னும் முறுகலையே அத்தே" என்றாள். அவள் வாயில் ஒன்று இருந்தது. துப்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மகன் என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியில், "எவ உன்னத் தச்சு வேலை பாக்கச் சொன்னா?" என்றான்.

"நான்தான் சொன்னேன். அவியள ஏசாதிய" என்றாள் மருமகள், வாயைத் துடைத்துக்கொண்டே.

மருமகள் என்ன சாப்பிட்டாள், அதை எப்படிச் செய்தது என்று டாக்டரம்மா கேட்டாள். மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றி ஜனம் நின்றது. எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் பலகை, உப்பு, ஈ, எறும்பு, கண் துடித்தது எல்லாவற்றையும் நானே சொன்னேன். அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு பேசியதில்லை. பலகையில் ஊறியது என்ன மருந்து என்று டாக்டரம்மா கேட்டாள். அது பாய்க்கும் தெரியாது, டிரம்மில் பேர் எழுதின சீட்டு இல்லை.

ஊசி போட்டு, படுக்கவைத்து, சில நாளில் அனுப்பினார்கள். அவளுக்கு எச்சில் ஊறுவதும் இமை துடிப்பதும் நின்றுவிட்டது. பிள்ளைக்கு இதயத் துடிப்பு இருக்கிறது என்றார்கள். உள்ளே என்ன போயிருக்கிறது, என்ன செய்திருக்கிறது என்பதை இப்போது சொல்ல முடியாதாம். சில மாதம் கழித்து, அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு காட்டப் போனபோது டாக்டரம்மா என்னையே பார்த்துச் சொன்னாள், ரொம்ப நேரம் பிள்ளை அசையவில்லை என்றால் காத்திருக்காமல் கூட்டி வரவேண்டும் என்று.

தட்டுகளை, நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பாய் சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டார்.

இன்றைக்குக் காலையில் பிள்ளை ஒரு தடவை அசைந்தது என்றாள் மருமகள். சோறு தின்ற பிறகு பார்ப்போம் என்றாள். தின்றாயிற்று. இதை நான் எழுதுகிறபோது பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்திருக்கிறாள்.

"அசைஞ்சுதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க அத்தே" என்கிறாள்.

மகனை ரிக்‌ஷா கூப்பிடச் சொல்லிவிட்டேன்.