போன் செய்ய வேண்டாம்

எனக்குத் திக்குவாய். நான் முதல் சொல்லை முடிப்பதற்குள், சிக்னல் இல்லையென்று நினைத்துப் பலர் போனை வைத்துவிடுவார்கள். அதனால் அருப்புக்கோட்டை வீட்டிலிருந்த தையல் மிஷினை விற்க இணையத்தில் படம் போட்டபோது, ‘போன் செய்ய வேண்டாம், எழுதினால் போதும்’ என்று கொட்டை எழுத்தில் சேர்த்தேன். அப்படியும் ஒரே ஆள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘வாசிக்கத் தெரியாதா?’ என்று எரிச்சலில் எழுதி அனுப்பினேன். மறுபடியும் போன். திட்டிவிடலாமென்று எடுத்தால் வார்த்தை தொண்டையிலேயே நின்றது.

“நரிக்குடியில இருந்து பேசுறேன். மக தையல் பழகுறா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, படத்தைப் பாத்துத்தான் கூப்பிட்டேன். மிஷினு இருக்கா?”

“இ... இ...” என்றேன்.

“மெதுவாச் சொல்லுங்க. நான் வைக்க மாட்டேன்.”