குளிர்ந்த குழாயில் இறங்கிய முள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அய்யாத்துரை அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் கதவைச் சாத்துவார். மனைவி முத்துமாரி எதிரிலேயே நின்றாலும் விடமாட்டார். கிறுக்கு என்று எங்கள் சந்தே சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. செம்பூர் ஆலையில் அன்று அவர் கூட நின்றவன் நான்.

அண்ணாச்சிக்கு ஸ்பிரிங் சப்போர்ட் வேலை. நீராவிக் குழாய் சூடானால் நீளும், மேலே எழும்பும். அசையாமல் கட்டிவைத்தால் எங்காவது முறியும். அதனால் ஸ்பிரிங்கில் தொங்கவிடுவோம். எந்த இடத்தில் எவ்வளவு எடை, எவ்வளவு நகரும் என்று பார்த்து அதற்கேற்ற ஸ்பிரிங்கைப் பொறுக்க வேண்டும். ஸ்பிரிங் பெட்டியின் பக்கத்தில் ஒரு முள் தெரியும். குழாய் வெறுமையாகக் குளிர்ந்து கிடக்கும்போது அது வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும். எடை கூடினால் கீழே இறங்கும். ஸ்பிரிங்கை அசையாமல் பிடித்திருக்கும் பூட்டு ஊசியை உருவிவிட்டு, நட்டைத் திருகித் திருகி முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவருவதில் அண்ணாச்சிக்கு அப்படியொரு பிடிவாதம். மயிரிழை விலகினாலும் சாப்பிட எழ மாட்டார். பசியோடு பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழாய்க்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பல வருஷத்துக்கு முன்னால் வெயிலுமுத்து என்ற ஃபிட்டர், அண்ணாச்சியின் உயிர்க் கூட்டாளி, ஒரு குழாய்க்குள் மயங்கிச் செத்துப்போனான். அதற்கப்புறம் யாரைக் கூப்பிட்டாலும் அவன் குரலில் பதில் வருகிறது என்று எவனோ கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து மூடியைப் போடும் முன் ஸ்பானரால் மூன்று தட்டு. பதிலுக்குத் தட்டு வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். மயங்கிக் கிடப்பவன் எப்படித் தட்டுவான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அன்று சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆள் தவழ்ந்து போகும் அகலமுள்ள குழாய், மெல்லிய தகடு என்பதால் எடையும் குறைவு. காலையிலேயே அண்ணாச்சி எல்லா முள்ளையும் கோட்டில் நிறுத்தியிருந்தார். நான் மூன்று தட்டு தட்டினேன். பதில் இல்லை. வாக்கி டாக்கியில் என்ஜினியர் கத்தினார். "அரே, ஜல்தி பந்த் கரோ! ஸ்டீம் சாலு கர்னா ஹை!" ஸ்டீம் விட வேண்டும், சீக்கிரம் மூடு என்று அவசரம்.

மூடியைத் தூக்கினேன்.

"பொறுலே," என்றார் அண்ணாச்சி. நான்காவது ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முள் கோட்டுக்கு நன்றாகக் கீழே கிடந்தது.

"காத்துக்கு ஆடியிருக்கும் அண்ணாச்சி."

"காத்துக்கு ஏதுலே இம்புட்டு எடை?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த முள் மெல்ல மேலே ஏறியது. மூன்றாவது ஸ்பிரிங்கின் முள் இறங்கியது. சில்லென்று கிடக்கும் வெற்றுக் குழாய்க்குள் ஏதோ ஒரு எடை எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. அடுத்து இரண்டாவது முள் இறங்கி அப்படியே நின்றது. தூக்கிய மூடியைக் கீழே வைத்தேன்.

"ஷகீல எங்கலே?"

ஷகீல் எங்கள் வெல்டர். பிரஷ்ஷை உள்ளே விட்டுவிட்டேன் என்று முனகிக்கொண்டிருந்தவன் சாப்பிட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெல்டிங்குக்கு உள்ளே விடும் ஆர்கான் வாயுவுக்கு வாசனை கிடையாது. அடியில் தேங்கி நின்று ஆளைச் சாய்த்துவிடும்.

"ரோக்கோ! ஸ்டீம் மத் சோடோ!" என்று, ஸ்டீமை விடாமல் நிறுத்தச் சொல்லி வாக்கி டாக்கியில் அலறினேன். அண்ணாச்சி குழாயின் வாயில் தலையை நீட்டி, அத்தனை வருஷ வழக்கத்தை உடைத்தார். "ஷகீலு! ஏலே ஷகீலு!"

சத்தமில்லை. டார்ச் அடித்தோம். கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தான். இரண்டு பேருமாக வெளியே இழுத்துப் போட்டோம். காற்றுப் பட்டதும் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"என்னைய யாரு அண்ணாச்சி இழுத்துட்டு வந்தது?" என்றான் ஷகீல். "நான் உள்ள ரொம்பத் தூரத்துலல்லா விழுந்தேன். ஒருத்தரு கையப் புடிச்சு இழுத்தாரு. நீங்கன்னுல்லா நெனச்சேன்."

எங்களில் யாரும் உள்ளே போகவில்லை.

அண்ணாச்சி திரும்பி இரண்டாவது ஸ்பிரிங்கைப் பார்த்தார். ஷகீலை எடுத்த பிறகு முள் கோட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். பாதிதான் ஏறியிருந்தது. இன்னும் ஒரு ஆளின் எடை உள்ளே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கடைசிவரை வெறும் தகடுதான் தெரிந்தது.

நான் இரண்டடி பின்வாங்கினேன். அண்ணாச்சி பயப்படவில்லை. குழாயின் வாயருகே மண்டியிட்டு, தூங்குகிறவனை எழுப்புவது மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார்.

"வெயிலுமுத்து... செத்த பொறவு ஒம் பேரச் சொல்லக்கூடப் பயந்துட்டோம்டே. போதும், வெளிய வா."

முள் மெல்ல மெல்ல ஏறி வெள்ளைக் கோட்டில் நின்றது.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஷகீலை ஆலை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுரேந்திரா, வெளிய இருக்கியாலே?"

"இருக்கேன் அண்ணாச்சி," என்றேன். அதன் பிறகுதான் மூடியைப் போட்டோம்.