பெத்தணன் மச்சானின் ஓசித் திருச்செந்தூர்

என் தங்கை கருப்பம்மாளின் வீட்டுக்காரர் பெத்தணனைப் போல ஓசிக்கு அலைகிற மனிதரைத் தாயில்பட்டி சுற்றுவட்டாரத்தில் பார்க்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் தாம்பூலப் பையை இரண்டாக வாங்கி வருவார். சிவகாசிக்குப் போனால் அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டரைக் கேட்டு வாங்கி வருவார். எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சுவரில் தேதி தப்பாக அச்சான முருகன் தொங்குவது அவர் உபயம்தான்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடக்கிற மாதத்தில், சஷ்டிக் கூட்டம் கலைந்த பிறகு, எங்கள் தெருவிலிருந்து திருச்செந்தூருக்கு வேன் பிடிப்பதும் அவர்தான். வேன் வாடகைக்கு மேல் யாரும் ஒரு பைசா செலவழிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வேன் கிளம்பியதும் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து வாசிப்பார். கடலில் குளிப்பது ஓசி. பொது தரிசனம் ஓசி. கோயில் யானையைப் பார்ப்பது ஓசி, ஆனால் ஆசீர்வாதம் வாங்கக் கூடாது, பாகன் கையை நீட்டிவிடுவார். மத்தியானம் அன்னதானம், அதற்குப் பதினொரு மணிக்கே வரிசையில் நின்றுவிட வேண்டும். சாயங்காலம் படகு கரையேறுவதைப் பார்க்கலாம். திரும்பும்போது ஆறுமுகநேரி உப்பளத்தை வேனில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ஏதோ கடலே அவர் பெயரில் பட்டா ஆனது மாதிரி வாசிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

2006இல் கருப்பம்மாளும் வந்தாள். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அவள் எங்கேயும் வரவில்லை. அவள் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து அறை வெடித்த நாளிலிருந்து அப்படி. பட்டாசு அறையில் எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம், வாசலைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது. சத்தம் கேட்டால் ஓடிவிட வேண்டும், என்ன சத்தம் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். ஒருவர் ஓடினால் எல்லாரும் ஓட வேண்டும். அப்படி ஓடித்தான் அவள் பிழைத்தாள். பக்கத்து அறையில் இருந்த மூன்று பேர் பிழைக்கவில்லை.

அன்றைக்கு ஓடத் தொடங்கிய கால் பிறகு நிற்கவே இல்லை. குக்கர் விசில் அடித்தால் தெருவில் நிற்பாள். தட்டு கீழே விழுந்தாலும் தெருவில் நிற்பாள். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடுவாள், எங்கேயாவது கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் கேட்கவில்லை, இருக்கன்குடி மாரியம்மனுக்கு எடுத்த அக்கினிச்சட்டிக்கும் கேட்கவில்லை. கண் உள்ளே போய், உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே போனால் தங்கை நமக்கு மிஞ்சுவாளா என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடல்காற்று பட்டால் தூக்கம் வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு மச்சான் அவளை வேனில் ஏற்றிவிட்டார். காற்றை யோசித்த மகா புத்திசாலி அலையை யோசிக்கவில்லை.

காலையில் போய் மணலில் இறங்கினோம். பெரிய அலை ஒன்று எழும்பி வந்து படாரென்று அடித்தது. கருப்பம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். அவள் ஓடியதும் எங்கள் பெண்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடியதும் பக்கத்து வீட்டு வேலுச்சாமி ஓடினான், நானும் ஓடினேன். வேனில் வந்த பதினான்கு பேரும் மேட்டில் இருந்த சங்குக் கடைக்குப் போய்த்தான் நின்றோம். சுனாமி வந்து இரண்டு வருஷம் ஆகாத நேரம். குளித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களும் ஈரத்துணியோடு எங்கள் பின்னால் ஓடி வந்திருந்தார்கள்.

தண்ணீர் ஏறி வருகிறதா என்று கடைக்காரர் பதறிப்போய்க் கேட்டார். எதற்கு ஓடினோம் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வேலுச்சாமிதான் முதலில் சிரித்தான். கருப்பம்மாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஊரில் அவள் தனியாகத்தான் ஓடுவாள், மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். இன்றைக்குக் கூடப்பிறந்தவன் முதற்கொண்டு எல்லாரும் அவளோடு ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

"நீங்களுமாண்ணே ஓடியாந்தீக?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒற்றைச் செருப்பு காணாமல் போன கோபம்கூட எனக்கு மறந்துவிட்டது.

மச்சான் அவளை மறுபடி கூட்டிப்போய் அலை எட்டாத தூரத்தில் மணலில் உட்கார வைத்தார். ஒவ்வொரு அலைக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அலை வந்தது, அடித்தது, நுரையாகித் திரும்பிப் போனது. ஒரு நூறு அலை அப்படிப் போயிருக்கும்.

"இம்புட்டுச் சத்தம் போடுது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. பிறகு மடியில் சரிந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

பதினொரு மணிக்கு, வரிசை நீண்டுவிடும் என்று ஞாபகப்படுத்தப் போனேன். மச்சான் துண்டை விரித்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஓசிச் சோறு எங்கனயும் கெடைக்கும் மச்சான். இவ தூக்கம் எங்கன கெடைக்கும்?"

மற்றவர்களை அன்னதானத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லித் தாளை வேலுச்சாமியிடம் கொடுத்தேன். டிரைவர் ஹாரன் அடித்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு வெயில் வந்த பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். கை வலித்தபோது துண்டை மாற்றி மாற்றிப் பிடித்தோம். சுண்டல் விற்கிறவர் கூவிக்கொண்டே வந்தார். அவர் வாயை அடைக்க மச்சான் உடனே காசை எடுத்து நீட்டி ஒரு பொட்டலம் வாங்கினார். என் ஆயுசில் அவர் காசு கொடுத்துத் தின்பண்டம் வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். வாங்கியதைப் பிரிக்கவும் இல்லை. காகிதம் சத்தம் போடுமாம். அந்தப் பக்கம் கடல் போட்டுக்கொண்டிருந்த சத்தம் அவர் காதில் விழவில்லை போலும்.

கருப்பம்மாள் எழுந்தபோது மணி நாலு. முகத்தில் மணல் ஒட்டியிருந்தது. கரையேறி நிற்கிற படகைப் பார்ப்பது போல எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

"வயிறு முட்ட" என்று சொல்லிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார் மச்சான். "இன்னிக்கு அன்னதானத்துல சுண்டலும் போட்டாக. ஒனக்குன்னு வாங்கியாந்தேன்."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து என் வயிறு போட்ட சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவள் ஓடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, சுண்டலை மூன்று பங்காக வைத்தாள்.