வெந்நீரில் கலக்கிய மருந்து

பூனாவின் வாகட் பகுதியில் நாங்கள் குடிபோனபோது கட்டடத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குழாயில் வந்தது டேங்கர் தண்ணீர். அதைக் கண்டாலே என் கணவருக்கு ஆகாது. தளதளவென்று கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைப்பார். எங்கள் மகன் வாய்க்குப் போகிற எதுவும் அந்தத் தண்ணீரில்தான் கலக்கப்பட வேண்டும். கோயம்புத்தூரில் தெருக்குழாயில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்த மனிதர், பூனாவுக்கு வந்து இப்படி ஆகிவிட்டாரே என்று கேலி செய்வேன்.

மகனுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. காதில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. மராட்டிக்கார டாக்டரம்மா ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார். காய்ச்சல் விட்டது, வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. தண்ணீர் தண்ணீராகப் போனான். அந்த மருந்து கெட்ட கிருமியோடு வயிற்றிலுள்ள நல்ல கிருமியையும் அழித்துவிடுமாம். அதை ஈடுகட்ட நல்ல கிருமி உள்ள ஒரு பொடியும், கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசலும் எழுதித் தந்தார். கிருமியை ஒழிக்க அடுப்படியே கதி என்று கிடப்பவரிடம் கிருமியை வாங்கிவரச் சொன்னால் எப்படி இருக்கும்? முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கடைக்குப் போனார்.

பொடி கொடுத்தும் நிற்கவில்லை. பிள்ளை வாடிய கீரைத்தண்டாகத் துவண்டான். ஒருநாள் காலையில் அழுதான், கண்ணீர் வரவில்லை. சிறுநீர் போனதாகவும் தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடினோம். பொடியை எதில் கலக்குகிறீர்கள் என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டார். கணவர் பெருமையாகவே பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா திறந்ததும் ஆவி அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. பொடியில் இருப்பது உயிருள்ள கிருமி, இந்தச் சூட்டில் செத்துப்போகும், இத்தனை நாளும் செத்ததைத்தான் ஊட்டியிருக்கிறீர்கள் என்றார். காய்ச்சிய தண்ணீரை நன்றாக ஆறவிட்டுக் கலக்கச் சொன்னார். கரைசலை விடாமல் ஸ்பூனால் புகட்டச் சொன்னார். மதியத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றவேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் காப்பி ஆற்றுவதுபோல இரண்டு டம்ளரில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். பாதி தரையில் சிந்தியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை.

"ஆறிருச்சான்னு நீயே பாரு கண்ணு. எங்கையி மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

புறங்கையில் விட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. பொடியைக் கலந்து கொடுத்துவிட்டு, கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் கடைவாயில் வழிந்தது. அண்டை வீடு பூட்டு, எதிர் வீடு பூட்டு. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிடக்கூட ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டே அடுத்த ஸ்பூனை எடுத்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குத் துணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததையே எடுத்து மறுபடி வைத்தார்.

வெயில் ஏறிவிட்டது. ஆட்டோ பிடிக்க அவர் செருப்பை மாட்டும்போது என் மடி நனைந்தது.

"ஏனுங்க, ஒண்ணுக்குப் போயிட்டானுங்க."

செருப்போடு உள்ளே வந்தார். நம்பாமல் என் சேலையைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே என் காலடியில் உட்கார்ந்து, ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.